மடிப்புக் கலையாத பயணம்

ஒரிகாமி என்னும் ஜப்பானியச் சொல் மடித்தலைக் குறிக்கும் ‘ஒரி’, காகிதத்தைக் குறிக்கும் ‘காமி’ ஆகிய இரண்டின் கூட்டு என்பதும், ஒரே சதுரத் தாளை வெட்டாமலும் ஒட்டாமலும் மடித்து உருவம் சமைப்பதே அதன் இன்றைய பெருவழக்கு என்பதும் பலரும் அறிந்தவை. அக்கலையில் தோய்ந்தவர்கள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடி மாநாடு நடத்துகிறார்கள் என்பதும், அம்மாநாட்டுக்கு முதன்முறையாகப் புறப்படுபவர் தனியொரு மனித வகையாகவே வைத்து ஆராயத் தக்கவர் என்பதும் அவ்வளவாக அறியப்படாதவை. இவ்வகையினரை ‘முதல் மாநாட்டார்’ என்று குறிப்பது வசதி. இவர்கள் எல்லா நாடுகளிலும் காணப்படுவரேனும், நியூயார்க் மாநாட்டை நோக்கி ஒஹையோ போன்ற ஓர் உட்பகுதி மாநிலத்தின் சிற்றூரிலிருந்து கிளம்பும் அமெரிக்கரிடத்தில் இவ்வகையின் இலக்கணங்கள் யாவும் ஒருங்கே விளங்கக் காணலாம்.

மடிப்பவர் இயல்பில் தனியர். கூடைப்பந்து ஆட ஐவர் வேண்டும், சீட்டுக் கச்சேரிக்கு நால்வராவது வேண்டும்; காகிதம் மடிப்பதற்கோ ஒரு மேசையும் யாரும் வந்து கூப்பிடாத ஒரு மணி நேரமும் போதும். இத்தனியர்களைத் திரட்டி ஒரு சமூகமாக்கிய பெருமையில் பெரும்பங்கு, 1958-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரிகாமி மையம் ஒன்றைத் தொடங்கிய லில்லியன் ஓப்பன்ஹைமர் அம்மையாரைச் சேரும். அவர் போட்ட வித்திலிருந்து வளர்ந்த ‘ஒரிகாமி யூஎஸ்ஏ’ என்னும் அமைப்பே அந்நகரின் கோடைக்கால மாநாட்டை நடத்திவருகிறது. பிரிட்டனில் 1967-இல் தோன்றிய சங்கம் ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது. டோக்கியோ மாநாட்டை நடத்துவோர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரோ ‘ஒரிகாமி துப்பறிவாளர் குழு’ என்று பொருள்படுவது; ஒரு தாளிலிருந்து ஆறு கால்களும் இரு கொம்புகளும் எவ்வாறு வெளிப்பட்டன என்று நள்ளிரவு வரை விசாரணை நடத்துபவர்களுக்கு அப்பெயர் பொருத்தமில்லை என்று சொல்லிவிட முடியாது.

முதல் மாநாட்டார் இருபது ஆண்டுகளாக மடித்துவருபவர். பள்ளி ஆசிரியராகவோ, மென்பொருள் எழுதுபவராகவோ, ஒரு பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுபவராகவோ இருப்பார். அவர் இருந்து எழுந்த இடத்தை அலுவலகத்தில் எவரும் எளிதில் கண்டுகொள்வர், ஏனெனில் அங்கே பற்றுச்சீட்டில் மடித்த ஒரு தவளையோ சூயிங்கம் உறையில் மடித்த ஒரு பறவையோ கிடக்கும். மாநாட்டு அறிவிப்பை அவர் ஆண்டுதோறும் படித்து, ஆண்டுதோறும் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று தள்ளிவந்தவர். ஒரு நாள் ஏதோ ஒரு துணிச்சலில் பணம் கட்டிவிட்டு, கட்டிய பிறகே நடுங்கத் தொடங்கியவர்.

நடுக்கத்தின் முதற்கட்டம் வீட்டில் நிகழ்கிறது. மூன்று இரவு விடுதி வாடகையும் பயணச் செலவும் சேர்த்து ஒரு தொகையைச் சொல்லி, அது காகிதம் மடிக்கப் போவதற்கு என்று வாழ்க்கைத் துணையிடம் விளக்க வேண்டிய நிலையில் எவரும் விண்வெளியைத் துணைக்கு அழைக்கவே செய்வர். ஜப்பானிய விண்பொறியியல் அறிஞர் கோர்யோ மியுரா வகுத்த மடிப்புமுறையில், விரித்த தாள் முழுவதும் இணைகரங்களால் நிறைந்திருக்க, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து ஒரே இழுப்பில் திறக்கவும் ஒரே தள்ளலில் மூடவும் இயலும். அம்முறையில் மடித்த தகடு ஒன்று 1995-இல் ஜப்பானியச் செயற்கைக்கோளில் ஏறி விண்ணில் விரிந்தது என்பது மெய்யான செய்தியே. முதல் மாநாட்டார் இதனை இரவு உணவின்போது விரிவாக எடுத்துரைப்பார். கேட்டிருந்தவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, அங்கே போய் இவரும் செயற்கைக்கோள்தான் மடிக்கப் போகிறாரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். மடிக்கப் போவது பெரும்பாலும் முயல் என்ற உண்மை அத்துடன் வெளிப்பட்டுவிடும்.

அடுத்து வருவது வகுப்புத் தேர்வு. மாநாட்டின் உயிர்நாடி அதன் வகுப்புகளே. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர, கற்பிப்பவர் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஒரு பெரிய தாளை எடுத்து ஒவ்வொரு படியாக மடித்துக்காட்ட, ஏனையோர் தம் தாளில் அதைப் பின்பற்றுவர். வகுப்புகள் எளியவை, இடைநிலை, கடினமானவை என்றும், இவற்றின் இடைவெளிகளில் ‘தாழ் இடைநிலை’, ‘உயர் இடைநிலை’ என்றும் தரம் பிரித்து அறிவிக்கப்படும். இந்தப் படிவரிசை முதல் மாநாட்டாரின் மனத்தில் எழுப்பும் கலவரத்துக்கு அளவில்லை. வீட்டில் யாரும் தம்மோடு ஒப்பிடப்படாத வரையில் அவர் ஐயத்துக்கிடமின்றிக் கடின நிலையைச் சார்ந்தவர். சான்றாக, சடோஷி காமியா வடிவமைத்த, உடல் முழுதும் செதில் செதிலாக வெட்டுப்படாத ஒரே சதுரத்திலிருந்து எழும் ர்யூஜின் என்ற டிராகனை அவரும் மடிக்கத் தொடங்கியிருக்கிறார். தொடங்கியது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு என்பதும், கட்டக்கோடுகள் மட்டும் இடப்பட்ட அத்தாள் இன்றும் அலமாரியின் மேல் சுருண்டு படுத்திருக்கிறது என்பதும் வேறு விஷயம். முதலில் ‘கடினம்’ என்று குறித்து, மறுநாள் காலையில் அதை ‘உயர் இடைநிலை’ ஆக்கி, இரவில் தூக்கம் வராமல் எழுந்துவந்து ‘இடைநிலை’ என்று திருத்தி, இறுதியில் தமக்கு ஏற்கெனவே கண்ணைக் கட்டிவிட்டாலும் மடிக்கத் தெரிந்த ஒரு முயலுக்கே முதல் வகுப்பாகப் பெயர் கொடுப்பார். தெரிந்த பாடத்துக்குப் போய் உட்காரும் மாணவரின் நிம்மதியை அறிந்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆயினும் ஒரு கடின வகுப்பும் பட்டியலில் எஞ்சியிருக்கும், அதனால் பயிற்சியும் தேவைப்படும். ஒரிகாமியில் ‘அமிழ்மடிப்பு’ என்று சொல்லத்தக்க ஒன்றுண்டு. ஒரு கூம்பு முனையை உள்ளே அமிழ்த்தி மறைப்பது அது. தாளைச் சற்றே விரித்து அமிழ்த்தினால் அது திறந்த அமிழ்மடிப்பு, எளிது. விரிக்கவே இடங்கொடாமல் மூடிய முனையை அப்படியே உள்ளே தள்ளினால் மூடிய அமிழ்மடிப்பு. பின்னதை விளக்கும் படங்களில் ஒரே ஓர் அம்புக்குறி இருக்கும், அந்த அம்புக்குறிக்குள் முக்கால் மணி நேர வேதனை அடங்கியிருக்கும். இரவு பதினொரு மணிக்குச் சமையலறை மேசை விளக்கின்கீழ் அவர் இடக்கைப் பெருவிரலால் அடுக்குகளைப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் ஒரு பல்குத்தும் குச்சியை ஏந்தி, மூச்சை அடக்கி முனையை அழுத்துகிறார். முனை உள்ளே போகாமல் பக்கவாட்டில் கோணுகிறது. மீண்டும் நிமிர்த்தி, அடுக்குகளுக்கிடையே குச்சியை விட்டு ஓரத்தை நெகிழ்த்தி, மறுபடி அழுத்துகிறார். ‘டொக்’ என்று ஒரு மெல்லொலியோடு முனை உள்வாங்குகிறது, அவர் முகம் மலர்கிறது. விளக்கை நோக்கித் தூக்கிப் பார்க்கையில், நான்கு மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் ஊசிமுனையளவு ஓர் ஒளிப்புள்ளி தெரிகிறது. தாள் கிழிந்திருக்கிறது.

இனி மூட்டை கட்டுதல். முதல் மாநாட்டாரின் குணநலன் முழுமையும் விளங்கும் இடம் இதுவே, ஆதலால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். வாழ்நாளெல்லாம் காகிதத்தை மடித்தே பழகிய ஒருவர், பயணம் என்று வந்ததும் அஞ்சுவது ஒன்றேயொன்றுக்குத்தான்: வழியில் காகிதம் மடிந்துவிடுமே என்பதற்கு. மாநாட்டில் பெரும்பாலான வகுப்புகளுக்கு, ஒருபுறம் வண்ணமும் மறுபுறம் வெள்ளையுமாக மடிப்பவர் வட்டாரத்தில் ‘காமி’ என்றே வழங்கும் மெல்லிய தாள் போதும். பதினைந்து சென்டிமீட்டரில் ஒரு கட்டும் இருபத்தைந்து சென்டிமீட்டரில் ஒரு கட்டும் கைப்பையில் அடங்கிவிடும். அவரோ நானூறு தாள்களை எடுத்துவைக்கிறார். இரும்பு போல் உறுதியானது என்று ஜெர்மானியத் தாளான ‘யானைத்தோல்’ எனப்படுவதில் பத்து. இருபுறமும் ஒரே நிறமுள்ள ஜப்பானிய ‘தாந்து’ தாளில் ஐம்பது. அலுமினியத் தகட்டுத்தாளின் இருபக்கமும் மெல்லிழைத் தாளை ஒட்டி அவரே வீட்டில் தயாரித்த, இன்னும் ஓரங்களில் குமிழ் எழுந்திருக்கும் சில. இவற்றோடு, எந்த மாதிரிக்கும் பயன்படாதெனினும் அழகின்பொருட்டு விட்டுப்பிரிய முடியாத கைச்செய் தாள் இரண்டு. ஒருவேளை தேவைப்பட்டால் என்பதே ஒவ்வொன்றுக்கும் காரணம். அந்த ஒருவேளை இருபது ஆண்டுகளாக வராததால் இத்தாள்களில் பல இன்னும் கன்னித்தன்மை குலையாதிருக்கின்றன. மிக நல்ல தாளை மடிப்பதற்கு மனம் வராமை இக்கலைஞர்களிடையே பரவலாகக் காணப்படும் நோய்.

தாள்களுக்கு இரு கெட்டி அட்டைகள், அட்டைகளுக்கு ரப்பர் வளையம், வளையத்தின் அழுத்தத்தில் ஓரம் வளையக்கூடும் என்பதால் வளையத்துக்கும் தாளுக்கும் இடையே இன்னோர் அட்டை, இவ்வளவையும் பெட்டியின் அடியில் தட்டையாகக் கிடத்தியபின் மேலே அழுத்தம் கொடுக்கப் பத்து நூல்கள். எஞ்சிய இடத்தில் ஆடைகள். தமிழில் நல்ல சலவைச் சட்டையை ‘மடிப்புக் கலையாதது’ என்று புகழும் வழக்கம் உண்டு. இவர் பெட்டியில் அப்புகழ்ச்சிக்குரிய நிலையில் இருப்பவை தாள்கள் மட்டுமே, சட்டைகளோ பந்தாகச் சுருட்டப்பட்டுத் தாள்களுக்கு மெத்தையாகப் பணிபுரிகின்றன. பல்துலக்கும் பசைக்கு இடமில்லை என்று தெரியவந்ததும் அவர் சிறிதும் தயங்குவதில்லை, நியூயார்க்கில் பசை விற்கிறது. கருவிகள் தனி: மடிப்பை அழுத்தித் தேய்க்கும் வழவழப்பான எலும்புப் பட்டை, இடுக்கி, காயும் வரை அடுக்குகளைக் கவ்வியிருக்கும் குட்டிக் கிளிப்புகள், அளவுகோல். மெல்லிய தாளுக்கு விறைப்பேற்றுவதற்காக நீரில் கரைத்துத் தடவும் மெத்தில் செல்லுலோஸ் என்னும் பொருளையும் எடுத்துக்கொள்ள விரும்புகிறார். வெண்ணிறப் பொடியாக, பெயரெழுதாத நெகிழிப் பொட்டலத்தில், அதுவும் விமான நிலையத்தில், அது என்ன தோற்றம் தரும் என்பது புறப்படுவதற்கு முந்தைய நாள்தான் அவருக்கு உறைக்கிறது. முதலில் ‘இது தாளுக்கு’ என்று பெரிய எழுத்தில் ஒட்டுகிறார். ஒட்டியபின் முன்னிலும் சந்தேகத்துக்கிடமாகத் தோன்றவே, பொடி வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

காட்சிக்கு வைக்கும் மாதிரிகளின் கதை வேறு. மாநாட்டில் காட்சிக்கூடம் ஒன்றுண்டு, யாரும் தம் படைப்பைக் கொண்டுவந்து வைக்கலாம் என்ற வரியைப் படித்த நாள் முதல் வீட்டில் காலணிப் பெட்டிகளும் முட்டை அட்டைகளும் வெளியே போவதில்லை. முப்பது கூறுகளைப் பசையின்றி ஒன்றினுள் ஒன்று செருகி அமைக்கும் சோனோபே உருண்டை மடியில் வைத்துக்கொள்ளத் தக்கது. எட்டுக் கால் நீட்டிய சிலந்தியை எப்படிக் கொண்டுபோவது? பொரித்த சோளத்துள் புதைத்தால் ஆடாது என்பது அவர் கண்டுபிடிப்பு. சோளத்தில் வெண்ணெய் இருந்தது அவர் எண்ணத்தில் படவில்லை, சிலந்தியின் வயிற்றில் படிந்த எண்ணெய்க்கறை ஒருவகையில் இயற்கையாகவே அமைந்திருந்தது என்று மட்டும் சொல்லலாம். பூச்சிகளுக்கும் இக்கலைக்கும் நெடுநாள் உறவுண்டு. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் காகித உருவங்களால் அலங்கரிக்கப்படும் கிறிஸ்துமஸ் மரத்துக்கு வழிகோலிய ஆலிஸ் கிரே அம்மையார் அங்கே பூச்சியியலாளராகப் பணியாற்றியவர். 1990-களில் ஜப்பானிய வடிவமைப்பாளர்கள் ஒருவரை ஒருவர் விஞ்சிப் பூச்சிகள் படைத்த போட்டி ‘பூச்சிப் போர்’ என்றே பெயர் பெற்றது.

காட்சிக்கூட விண்ணப்பத்தில் நான்கு கட்டங்கள் இருக்கும்: மாதிரியின் பெயர், மடித்தவர், தாள், வடிவமைத்தவர். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறது. இசையில் இயற்றியவர் வேறு, பாடியவர் வேறு என்பது போல ஒரிகாமியில் மடிப்பின் போக்கைக் கண்டவர் ஒருவர், அதைப் பின்பற்றி மடித்தவர் மற்றொருவர். முன்னவரின் இசைவின்றி அவர் மாதிரியைப் பிறருக்குக் கற்பிப்பதும் மாநாட்டில் மரபன்று. ஆனால் முதல் மாநாட்டாரின் உறவினர் வட்டத்தில், கூடத்து அலமாரியிலுள்ள அத்தனையும் ‘அவரே செய்தவை’ என்று இருபது ஆண்டுகளாகப் பரவியிருக்கும் புகழை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. இப்போது ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, எந்த நூலிலிருந்து எடுத்தோம், யாருடையது என்று தேடி எழுதுகிறார். தமக்கென்று சொல்லிக்கொள்ள எஞ்சுவது வாத்துப் போன்ற ஒன்று மட்டும். அதுவும் கொக்கு மடிக்கையில் பாதி வழியில் பிசகியதால் விளைந்தது.

இத்தனைக்கும் அவருடைய பேரச்சம் காகிதத்தைப் பற்றியதே அன்று, பேச்சைப் பற்றியது. 1950-களில் அகிரா யோஷிசாவா வகுத்து, மேலைநாட்டு ஆசிரியர்கள் எடுத்தாண்டு செம்மைப்படுத்திய குறிமொழியில், கோடு மேலே முகடாக எழும் மலை மடிப்புக்கு ஒருவகைப் புள்ளிக்கோடும், உட்குழியும் பள்ளத்தாக்கு மடிப்புக்குத் துண்டுக்கோடும், திருப்பு என்பதற்கு ஒரு சுழல் அம்பும் உண்டு. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் ஜப்பானிய நூல்களை அட்டை முதல் அட்டை வரை ‘படித்த’ பல்லாயிரவரில் அவரும் ஒருவர். இதன் விளைவாக, அவருடைய கல்வி முழுவதும் ஊமைக் கல்வி. அவர் போற்றும் பெருங்கலைஞர் எவர் பெயரையும் அவர் இதுவரை வாய்விட்டு உச்சரித்ததில்லை, உச்சரிக்கக் கேட்டதுமில்லை. ஆகவே கார் ஓட்டும்போது யோஷிசாவா, காமியா, தோமோகோ ஃபுசே என்று பலவகையாகச் சொல்லிப் பழகுகிறார், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

மின்தூக்கியில் யாரேனும் பெரியவரோடு அகப்பட்டுக்கொண்டால் என்ன பேசுவது என்பதும் ஆயத்தமாகிறது. ஒரே தாளிலிருந்து குயில் கூவும் கடிகாரத்தை 1987-இல் மடித்தவரும், இயற்பியல் வேலையைத் துறந்து 2001 முதல் முழுநேர மடிப்பாளராக வாழ்பவருமான ராபர்ட் லாங் எதிர்ப்பட்டால் கணிதம் பேசுவதே முறை என்று அவர் தீர்மானிக்கிறார். தட்டையாக மடியும் தாளின் உட்புறப் புள்ளி ஒன்றில் சந்திக்கும் மலை மடிப்புகளின் எண்ணிக்கைக்கும் பள்ளத்தாக்கு மடிப்புகளின் எண்ணிக்கைக்கும் வேறுபாடு எப்போதும் இரண்டு என்னும் மாயேகாவாவின் தேற்றத்தை மனனம் செய்து, சரிபார்ப்பதற்காக அலுவலகத்தில் ஒரு கொக்கை விரித்து எண்ணி, முதல் எண்ணிக்கையில் வேறுபாடு மூன்று வரவே உலகத்தையே உலுக்கும் கண்டுபிடிப்பொன்றின் வாயிலில் அரை நிமிடம் நின்று, மறு எண்ணிக்கையில் இறங்கிவருகிறார். கணித அடுக்கில் ஒரு மெல்லிய நூலும் அவரிடம் இருக்கும்: சுந்தர ராவ் என்பவர் எழுதி 1893-இல் சென்னையில் வெளிவந்த, காகித மடிப்பு வழியே வடிவியல் கற்பிக்கும் நூலின் அமெரிக்க மறுபதிப்பு. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் எடுத்துச் சொன்னதால் 1901-இல் சிகாகோவில் அச்சேறிய அந்நூலை முதல் மாநாட்டார் பாதி வரை வாசித்திருக்கிறார். அதைப் பற்றி யாரும் கேட்காமலிருக்க வேண்டும் என்பதும், யாரேனும் கேட்க வேண்டும் என்பதும் அவருடைய ஒரே சமயத்து வேண்டுதல்கள்.

புறப்படும் நாளில் விமானத்திலும் ரயிலிலும் அவர் மடிப்பதில்லை, பார்ப்பவர் என்ன நினைப்பர் என்ற இருபதாண்டுக் கூச்சம் அவ்வளவு விரைவில் போவதன்று. சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு டாலர் நோட்டைக் கண்ணால் பாராமலே மடித்துக்கொண்டு வருகிறார். சதுரத்துக்கு மாறாக நீண்ட அமைப்புடையதும் நன்கு உழைக்கும் தாளால் ஆனதுமான அந்நோட்டை மடிப்பதற்கென்றே அமெரிக்காவில் ஒரு தனிக்கிளை உண்டு. நிலையத்தில் காபிக்குக் காசு கொடுக்கும்போது ஒரு சட்டையும் கழுத்துப்பட்டையுமாக வெளிவருகிறது நோட்டு; கடைக்காரர் அதனை விரித்துப் பெட்டியில் இடுவதைப் பார்க்க அவரால் முடிவதில்லை.

பதிவு மேசையில் வரிசை நீண்டிருக்கிறது. தொண்டர் ஒருவர் அவர் பெயரைச் சரிபார்த்து, பெயரட்டையையும் இரண்டாக மடித்த நிகழ்ச்சித் தாளையும் கொடுக்கிறார். அச்சகத்து இயந்திரம் மடித்த தாள் அது. ஓரங்கள் பொருந்தாமல் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது. பெட்டியையும் உருண்டையையும் சிலந்திப் பெட்டியையும் எப்படியோ முழங்கையால் இடுக்கிக்கொண்டு அவர் சுவரோரம் ஒதுங்கி, யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தாளை விரித்து, மூலையோடு மூலை வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் நகத்தால் நீவி மீண்டும் மடிக்கிறார். நிமிர்ந்து பார்க்கையில் அதே சுவரோரத்தில், பெட்டிகளைக் காலிடுக்கில் நிறுத்திக்கொண்டு, இன்னும் நான்கு பேர் தம் நிகழ்ச்சித் தாளை விரித்து மூலையோடு மூலை பொருத்திக்கொண்டிருக்கிறார்கள்.